ஊட்டிக் குளிரில் வீடு தரும் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் குளிர் இரண்டு கட்டமாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இடையில் முதலில் நீர்ப்பனி விழும். மழை ஓய்ந்து, மேகமே இல்லாத இரவுகள் வந்ததும் உறைபனி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டி, தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் பள்ளமான புல்வெளிகள் விடியற்காலையில் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்கலாம். அதே நாளில் மதியம் வெயிலில் 20 டிகிரி இருக்கும். கொடைக்கானலிலும், கடல் தாண்டி நுவரெலியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இது காஷ்மீர் குளிர் இல்லை. அதனால்தான் நம் வீடுகள் குளிருக்கென்று கட்டப்படவில்லை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை, மொட்டை மாடியில் வெட்டவெளியில் ஓடும் குழாய், வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. குளிர் வந்தால் நாம் செய்வது ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் இறுக அடைப்பது. இங்கே வரும் தொல்லைகளில் பெரும்பாதி அந்த அடைப்பினால்தான் வருகிறது. மழைக்கால ஈரம் சுவரில் இருக்கும்போதே வீட்டை மூடிவிடுகிறோம். முதலில் காயவைக்க வேண்டும், அப்புறம்தான் அடைக்க வேண்டும். கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் பெரும்பாலும் வந்து சேருவோம்.

உங்கள் வீட்டில் என்ன தொல்லையோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம்

அறைக்குள் கரி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு, விறகுத் தணல், கேஸ் ஹீட்டர், கேஸ் கீசர் இவற்றில் ஏதாவது எரிந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் காரணத்தைத் தேடி நிற்க வேண்டாம். கதவு, ஜன்னல்களைத் திறந்தபடியே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். தூங்குகிறவர்களை எழுப்புங்கள், எழாவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள். 108-ஐக் கூப்பிட்டு, மூடிய அறையில் தணல் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

இது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. தூக்கம் வருவதுபோல் இருக்கும், அப்படியே நினைவு போய்விடும். மலை ஊர்களுக்குச் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழாமலே போன செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மனம் பொறுக்காத சாவுகள் அவை. எல்லாமே தடுத்திருக்கக் கூடியவை.

பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம் இது: புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று தணலாகிவிட்டால் உள்ளே கொண்டுவரலாம் என்பது. புகைதான் கெடுதல் என்று நினைப்பதால் வரும் எண்ணம். புகையே இல்லாத தணலிலிருந்துதான் இந்த வாயு தாராளமாக வெளியாகும். கண் எரியாது, இருமல் வராது, அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பதையும் நம்ப வேண்டாம். கரி அடுப்பு, குமுட்டி எதுவானாலும் படுக்கும் அறைக்குள் வரவே கூடாது. அணைத்துவிட்டோம் என்று நினைத்த கரியும் சாம்பலுக்கு அடியில் விடிய விடியக் கனன்றுகொண்டிருக்கும், அதையும் வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

கேஸ் கீசர் குளியலறைக்கு உள்ளேயே மாட்டியிருந்தால் அதுவும் இதே ஆபத்துதான். குளிர் காற்று வருகிறது என்று குளியலறையின் மேல் துவாரத்தில் அட்டையோ துணியோ வைத்து அடைத்திருக்கிறீர்களா என்று இன்றே போய்ப் பாருங்கள். கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுவதே நல்லது. தணலோ விறகோ கேஸோ எரியும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி, இணையத்தில் கிடைக்கிறது.

காலையில் ஜன்னல் கண்ணாடியில் உட்புறம் தண்ணீர் வழிகிறது

கண்ணாடியில் கோளாறு எதுவும் இல்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதைப் போன்றதுதான் இது. 20 டிகிரி சூட்டில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? அறையிலேயே அதிகக் குளிர்ந்த இடத்தில் தண்ணீராகப் படியும். கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிறது. பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவர் தெரிவதில்லை.

எனவே கண்ணாடியைத் துடைப்பதோடு விடாமல் நீராவி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளியல், சமையல், நம் மூச்சு இவை தெரிந்தவை. வீட்டுக்குள் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவது பெரிய காரணம். துணியில் இருந்த தண்ணீர் முழுவதும் வீட்டுக் காற்றில்தான் சேரும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: சமையல் எரிவாயு எரியும்போதே தண்ணீர் உண்டாகிறது. 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர், ஆவியாக. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கேஸ் அடுப்பைச் சும்மா எரியவிட்டால், சூட்டோடு சேர்த்து ஈரத்தையும் வீட்டுக்குள் நிரப்புகிறோம். முதல் பகுதியில் சொன்ன ஆபத்தும் கூடவே இருக்கிறது.

சரிசெய்வது எப்படி? வெயில் அடிக்கும் நாளில் 11 மணிக்கு மேல் எதிரெதிர் ஜன்னல்களை இருபது நிமிஷம் முழுசாகத் திறந்துவிடுங்கள். உறைபனி விழும் காலத்தில் வெயில் நாளின் வெளிக்காற்று பெரும்பாலும் வறண்டது, உள்ளே தேங்கிய ஈரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். நாள் முழுக்க ஒரு இடுக்கு திறந்து வைப்பதைவிட இது நல்லது, சுவரின் சூடு குறையாது. தெற்குப் பக்க ஜன்னல்களின் திரைகளை விலக்கி வையுங்கள். டிசம்பர் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அந்த வெயில் நேரே அறைக்குள் விழும். நாலு மணிக்கு முன்னால் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். மூடுபனி சூழ்ந்த நாளிலும் மழை நாளிலும் இப்படி ஜன்னலைத் திறந்துவிடாதீர்கள், ஈரம் உள்ளேதான் வரும்.

காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வைத்தால் ஊகிக்க வேண்டிய வேலை இல்லை. 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. நாள் கணக்கில் 80-ஐ ஒட்டி நின்றால் பூஞ்சை வரும் என்று எதிர்பாருங்கள்.

மழையே இல்லை, ஆனால் தகரக் கூரையிலிருந்து சொட்டுகிறது

இதை ஒழுகல் என்று நினைத்து ஆள் வைத்துக் கூரைக்குத் தார் பூசுகிறவர்கள் நிறையப் பேர். பணம் போகும், சொட்டு நிற்காது.

முதலில் பார்க்க வேண்டியது, எப்போது சொட்டுகிறது என்பது. மழை பெய்து சில நேரத்துக்குள், ஒரே இடத்தில், பழுப்புக் கறையோடு சொட்டினால் அது ஒழுகல். திருகாணி வாஷர் தேய்ந்திருக்கும், தகரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் இடைவெளி விழுந்திருக்கும், இல்லையென்றால் கூரை ஓரத் தகரக் கால்வாயில் சைப்ரஸ் இலையும் கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையும் அடைத்துத் தண்ணீர் பின்னால் ஏறும். கால்வாயை நவம்பரில் ஒருமுறை வழித்துவிட்டாலே பாதி ஒழுகல் நின்றுவிடும்.

வானம் தெளிந்த இரவுக்குப் பிறகு, சூரியன் ஏறும் நேரத்தில், பல இடங்களில் வரிசையாகச் சொட்டினால் அது வேறு. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். சுற்றியுள்ள காற்றைவிடவே அதிகமாகக் குளிர்ந்துபோகும். வீட்டுக்குள்ளிருந்து மேலே ஏறும் ஈரக் காற்று அதன் அடிப்பக்கம் பட்டுத் தண்ணீராகப் படியும், கடுங்குளிர் இரவில் பனியாகவே உறையும். காலை வெயில் பட்டதும் எல்லாம் ஒன்றாக இளகிச் சொட்டும். மேலே எவ்வளவு தார் பூசினாலும் அடியில் படியும் தண்ணீரை அது என்ன செய்ய முடியும்?

இதற்கு வழி, ஈரக் காற்று தகரத்தைத் தொடாமல் தடுப்பது. தகரத்துக்குக் கீழே பலகையிலோ ஜிப்சத்திலோ உட்கூரை, அதன் மேல் தெர்மோகோலோ கண்ணாடி நார்ப் பஞ்சோ ஒரு அடுக்கு. உட்கூரையில் விளிம்புகளையும் விளக்குக்காகப் போட்ட ஓட்டைகளையும் அடைத்துவிட வேண்டும். அதே நேரம் தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு இரு பக்கமும் வெளிக்காற்றுத் துவாரம் வேண்டும். துவாரம் இல்லாமல் அடைத்தால் மரச்சட்டம் உளுத்துப்போகும். இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள், குளியலறை, சமையலறை ஆவி கூரைக்கு ஏறாமல் நேரே வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே சொட்டு நன்றாகக் குறையும்.

சுவரில் கறுப்புத் திட்டு, பீரோ துணியில் முடை நாற்றம்

சுவர் ஈரம் மூன்று வழியில் வரும். எது என்று தெரியாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உரிந்துவிடும்.

அலுமினியத் தாள் ஒன்றை, சமையலறையில் இருக்கும் தாள் போதும், ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, ஈரமான இடத்தில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் ஈரம் என்றால் அது வீட்டுக் காற்றிலிருந்து படிவது. தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவர் வழியாக வருகிறது.

காற்றிலிருந்து படிவதற்கு மருந்து மேலே சொன்னதுதான்: காற்றோட்டம், துணியை வெளியே காயப்போடுவது. அதோடு பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிப் போடுங்கள். பின்னால் காற்று ஓடினால் சுவர் காயும். திட்டுகளை முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் வீடு முழுக்கப் பரவும். பிளீச்சிங் பயன்படுத்தினால் அதோடு ஆசிட்டையோ வேறு கழுவும் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் படுக்கும் அறையை முதலில் கவனியுங்கள்.

சுவர் வழியாக வருகிறது, தரையிலிருந்து இடுப்பளவு வரைதான் இருக்கிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்றால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் அந்தச் சுவர்தான் நனையும். உள்ளே எதைப் பூசினாலும் பயன் குறைவு. மண்ணை வெட்டி விலக்கி, வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே தண்ணீர் ஓடும்படி ஒரு கால்வாய் எடுத்துவிடுவதே தீர்வு. அந்த வேலையை ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் செய்யுங்கள். மழைக்கு நடுவில் மேட்டை வெட்டினால் மண் சரியும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடாக இருந்தால் சிமெண்ட் பூச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் மேலே ஏறும். அழகான பழைய வீடுகள் இப்படி வீணாவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

மூன்றாவது, மழை அடிக்கும் பக்கத்துச் சுவரில் நடுவிலோ மேலோ ஈரம். வெளிப்பூச்சில் விரிசல், ஜன்னல் சிமெண்ட் தட்டின் இணைப்பு, உடைந்த தண்ணீர்க் குழாய் இவற்றைப் பாருங்கள்.

எல்லாம் சாத்தியும் காலில் குளிர் காற்று அடிக்கிறது

ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவு, ஜன்னல் விளிம்புகளை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே கலைகிறதோ அங்கே இடுக்கு. காற்று கொஞ்சம் பலமாக இருக்கும் மாலையில் செய்தால் நன்றாகத் தெரியும். ஜன்னல் சட்டங்களுக்குப் பஞ்சு டேப், கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு உதிர்ந்திருந்தால் புது மக்கு, வாசற்கதவின் அடிக்கு மணலோ பழந்துணியோ அடைத்த நீளப் பை. செலவு மிகக் குறைவு, பலன் அன்றைக்கே தெரியும்.

பயன்படுத்தாத ஃபயர்பிளேஸ் இருந்தால் அறையின் சூட்டில் கணிசமான பங்கு அதன் புகைபோக்கி வழியாகவே போய்விடும். ஒரு பலகை வெட்டி முகப்பை மூடுங்கள், எரிக்கும் முன் எடுக்க வேண்டும் என்று அதிலேயே எழுதி ஒட்டுங்கள்.

அடைக்கவே கூடாத துவாரங்களும் உண்டு. சமையலறையில் தரையை ஒட்டி இருக்கும் துவாரம், கேஸ் கீசர் அறைத் துவாரம், விறகு எரியும் அறையின் காற்று வழி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியேறும் வழி அந்தக் கீழ்த் துவாரம்.

கதவு இறுகிக்கொண்டது

மழையில் மரம் ஊதியிருக்கிறது. நவம்பரில் தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடாதீர்கள். ஜனவரி வறட்சியில் அதே கதவு சுருங்கி, இழைத்த இடம் முழுக்க இடைவெளியாக நிற்கும். இப்போதைக்கு விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மரம் காய்ந்த பிறகும் இறுகினால் அப்போது இழைத்து, விளிம்புக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள். பெயின்ட் இல்லாத விளிம்பு வழியாகத்தான் ஈரம் புகுகிறது.

விடிந்ததும் குழாயில் தண்ணீர் வரவில்லை

முதலில் டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால், வீட்டில் எல்லாக் குழாயும் வரவில்லையா, ஒன்று மட்டும் வரவில்லையா? எல்லாமே என்றால் டேங்க்கிலிருந்து வெளியே வரும் குழாயிலும் அதன் முதல் வளைவிலும் உறைந்திருக்கும். ஒன்று மட்டும் என்றால் அந்தக் குழாய் வெளிச்சுவரில் ஓடும் பகுதியில்.

நம் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே போவது விடியலை ஒட்டிய சில மணி நேரம்தான். அதனால் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெயில் படும் வரை பொறுத்தாலே பெரும்பாலும் இளகிவிடும். அவசரம் என்றால் பழந்துணியைச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், குழாய் முனையிலிருந்து பின்னோக்கி. கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், தீப்பந்தம் காட்டவே வேண்டாம், பிவிசி வெடித்துவிடும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். குழாய் விரிந்து கீறினாலும் உறைந்திருக்கும்வரை ஒழுகாது, இளகிய பிறகுதான் பீய்ச்சும். அதனால் இளகும் நேரத்தில் பக்கத்தில் இருங்கள், தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த இரவுக்கு முன்: வெளியே தெரியும் குழாய்களுக்குக் குழல் வடிவ ஃபோம் உறை போடுங்கள். அது கிடைக்காத இடத்தில் பழைய சாக்கைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் மழை புகாமல் கட்டுங்கள். நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது. பள்ளத்தில் இருக்கும் வீடுகள் சரிவில் இருக்கும் வீடுகளைவிட அதிகமாகப் பாதிக்கப்படும், குளிர்ந்த காற்று கனமானது, இரவில் கீழே இறங்கித் தேங்கும்.

கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். தட்டையான கண்ணாடிப் பெட்டிக்குள் செப்புக் குழாய் ஓடும் வகைதான் உறைபனியில் வெடிக்கும். காற்றின் வெப்பம் 3, 4 டிகிரி இருக்கும்போதே அதற்குள் தண்ணீர் உறையக்கூடும், காரணம் தகரக் கூரைக்குச் சொன்ன அதே தெளிந்த வானம். இரவில் அந்தத் தகட்டுத் தண்ணீரை வடித்துவிட ஒரு வால்வு வையுங்கள். வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகை குளிரை நன்றாகத் தாங்கும், ஆனால் அதற்குப் போகும் வரும் குழாய்களுக்கு உறை வேண்டும்.

கீசர் ஓடுகிறது, தண்ணீர் சூடாகவில்லை

கீசர் கெட்டுப்போனதாக முடிவு கட்டும் முன் ஒரு கணக்கு. 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர், நிமிஷத்துக்கு 3 லிட்டர் தண்ணீர் ஓடினால், அதன் வெப்பத்தை 14 டிகிரிதான் கூட்ட முடியும். கோயம்புத்தூரில் 28 டிகிரியில் வரும் தண்ணீர் 42 ஆகும், குளிக்கலாம். ஊட்டியில் ஜனவரி காலையில் 10 டிகிரியில் வரும் தண்ணீர் 24-தான் ஆகும். கருவியில் பழுதில்லை, அதற்கு இங்கே வேலை அதிகம். குழாயைப் பாதியாகக் குறைத்து, ஒல்லியாக வாளியில் விழவிடுங்கள், சூடாகிவிடும்.

15 லிட்டர் சேமிப்பு கீசரில் 2000 வாட் என்றால் 10 டிகிரியிலிருந்து 60-க்குப் போக 26 நிமிஷம் ஆகும். சமவெளியில் 18 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதோடு வெந்நீரில் கலக்கும் பச்சைத் தண்ணீரும் இங்கே சில்லிட்டிருப்பதால் ஒருவர் குளிக்கும் அளவே கிடைக்கும். மலைக்கு வாங்கும்போது 25 லிட்டராக வாங்குங்கள். இதற்கு மேலும் நேரம் எடுத்தால் சூடாக்கும் கம்பியில் உப்பு படிந்திருக்கலாம், கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். போட்டதும் டிரிப் ஆகிறது என்றால் கம்பியில் கசிவு. டிரிப்பரை மீறி நேர் இணைப்புக் கொடுத்து ஓட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

ரூம் ஹீட்டர் போட்டால் பிளக் சுடுகிறது

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதைத் தாங்காது. பிளக் சுடுவது தீ விபத்துக்கு முன்னறிவிப்பு. உடனே அணைத்து, கீசருக்குப் போடுவதுபோல் 16 ஆம்பியர் சாக்கெட் தனி வயரில் போடச் சொல்லுங்கள். திரையும் போர்வையும் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அதன் மேல் துணி காயப்போடக் கூடாது.

எண்ணெய் ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், சிவப்பாக எரியும் ராடு ஹீட்டர் எதுவானாலும் ஒரே வாட்டுக்கு ஒரே சூடுதான் தரும். ராடு ஆளை நேரே சூடாக்கும், எண்ணெய் ஹீட்டர் அறையை மெதுவாகச் சூடாக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. தினம் 4 மணி நேரம் 2000 வாட் ஓடினால் 8 யூனிட், இரண்டு மாத பில்லில் 480 யூனிட். அறையைச் சூடாக்குவதைவிடப் படுக்கையைச் சூடாக்குவது எத்தனையோ மடங்கு மலிவு. வெந்நீர்ப் பை, கம்பளி, கட்டிலுக்கு அடியில் ஒரு ஜமுக்காளம். வயதானவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஃபயர்பிளேஸ் புகை அறைக்குள் திரும்புகிறது

விறகு ஈரமா என்று பாருங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் ஈரம். கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும் நன்றாக எரியும், ஆனால் பிளந்து, மழை படாமல், காற்றாட அடுக்கி மாதக்கணக்கில் காய்ந்திருக்க வேண்டும். டிசம்பரில் வாங்கி டிசம்பரிலேயே எரிக்கும் விறகு புகையத்தான் செய்யும்.

காய்ந்த விறகும் புகைந்தால் புகைபோக்கி சில்லிட்டிருக்கும். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் வாயில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். உள்ளே காற்று சூடேறி மேலே இழுக்கத் தொடங்கிய பிறகு விறகைப் பற்றவையுங்கள். அப்படியும் திரும்பினால் மேலே பறவைக்கூடு இருக்கலாம், கரி படிந்து வழி குறுகியிருக்கலாம். ஆள் வைத்துச் சுத்தம் செய்யும்வரை எரிக்காதீர்கள். உள்ளே படிந்த கரியே தீப்பற்றி எரிந்து, கூரை மரம் வரை போய்விடும்.

சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, தீ சிறுத்துவிட்டது

சிலிண்டருக்குள் இருப்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திரவம். பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் ஆவியாவதையே நிறுத்திவிடும். எரிய எரிய சிலிண்டர் தன் சூட்டையும் இழந்து இன்னும் குளிரும், பாதி காலியான சிலிண்டரில் இது சீக்கிரம் வரும். வராந்தாவில் இருந்தால் சமையலறைக்குள் கொண்டுவாருங்கள். சிமெண்ட் தரையில் நேரே வைக்காமல் ஒரு பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போடக் கூடாது. இரண்டு அடுப்பை ஒன்றாக எரிக்காமல் ஒன்றை எரியுங்கள். சிலிண்டருக்குத் தீ காட்டுவது, பக்கத்தில் ஹீட்டர் வைப்பது, கொதிநீர் ஊற்றுவது எதுவும் கூடாது.

இன்வெர்ட்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஈய அமிலப் பேட்டரி தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும், வெயில் காலத்தில் திரும்பக் கிடைக்கும். பேட்டரியை வெளி வராந்தாவிலிருந்து காற்றோட்டமுள்ள உள்ளிடத்துக்கு மாற்றி, டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் நாற்றம்

கீழே சமவெளியில் இருந்துகொண்டு இங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு இது. நாற்றம் எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சாக்கடை நாற்றம் என்றால் குளியலறை, சிங்க் வடிகால் வளைவுகளில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று நேரே வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போய்விடும். கிளம்பும்போது அந்தத் தண்ணீரின் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

முடை நாற்றம் என்றால் பூஞ்சை. அடுத்த முறை பூட்டும் முன் மெத்தையை வெயிலில் காயவைத்துச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், பீரோக் கதவுகளையும் உள்ளறைக் கதவுகளையும் திறந்தே விடுங்கள், மேல் துவாரங்களை வலை அடித்துத் திறந்து வையுங்கள். டேங்க் வால்வை மூடி, வீட்டுக் குழாய்களைத் திறந்து வடித்துவிடுங்கள். கீசர் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். பக்கத்தில் ஒருவரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருநாள் வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் ஜன்னல்களைத் திறந்து மூடச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கொடுத்துவிடுங்கள், பெயின்ட் செலவைவிட அது குறைவு.